ஆறிய புண்ணும் ஆறாத வலியும்: நரம்பு செல்லின் உட்கருவரை வந்த ஓர் ஆய்வின் வரலாறு

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டுத் திரும்பி வருகிற வலியை இன்றைய மருத்துவம் நாட்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கென்று தனி இடம் கிடைத்தது அண்மையில்தான்: 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பில். அதுவரை அது வேறு ஏதோ நோயின் அறிகுறியாகவே பதிவேடுகளில் ஏறியது. இந்தத் தாமதத்துக்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல. புண் மூடிவிட்டது, எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வலி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் யாரிடமும் விடை இல்லை. விடையின் முக்கியமான ஒரு பகுதி நரம்பு செல்களின் உட்கருவில் இருந்தது. காயம்பட்ட பின் அந்தச் செல்கள் தம் மரபணுக்களில் எவற்றை இயக்குவது, எவற்றை அடக்கி வைப்பது என்ற ஏற்பாட்டையே மாற்றிக்கொள்கின்றன. தழும்பு காய்ந்த பின்னும் அந்த மாற்றம் நிலைத்துவிடலாம். இந்த முடிவுக்கு வந்து சேர ஆய்வாளர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்ஃபியாவின் டர்னர்ஸ் லேன் என்ற இடத்தில் நரம்புக் காயங்களுக்கென்றே ஒரு ராணுவ மருத்துவமனை இயங்கியது. அங்கு பணியாற்றிய சைலஸ் வேர் மிட்செல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் ஆகிய மூவரும் தாங்கள் கண்டதை 1864இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார்கள். துப்பாக்கிக் குண்டு கையிலோ தொடையிலோ நரம்பைச் சிதைத்துச் சென்ற வீரர்கள்தான் அவர்களை அதிகம் திகைக்க வைத்தார்கள். புண் ஆறித் தழும்பாகியிருக்கும். ஆனால் உள்ளங்கையோ பாதமோ தீப்பற்றியதுபோல் எரியும். தோல் சிவந்து, மெருகேற்றியதுபோல் பளபளக்கும். காய்ந்த துணி பட்டால்கூடத் தாங்காது. அதனால் கையில் ஈரத்துணியைச் சுற்றி, அதை நனைத்துக்கொண்டே இருக்கத் தண்ணீர்ப் புட்டியும் பஞ்சும் கையோடு வைத்திருந்தவர்கள் உண்டு. பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. அடுத்த கட்டிலருகே ஒருவர் அழுத்தி நடந்தாலும், செய்தித்தாள் சரசரத்தாலும் வலி ஏறியது. மிட்செல் 1867இல் இதற்குக் காசால்ஜியா என்று பெயரிட்டார். வெட்டி எடுக்கப்பட்ட கையிலும் காலிலும் தொடரும் உணர்வுக்கு ‘மாய உறுப்பு’ என்ற பெயரும் 1871இல் அவர் கொடுத்ததே. அவர் சொன்ன காரணங்கள் இன்று நிற்கவில்லை; விவரித்த நோய்க்குறிகள் அப்படியே நிற்கின்றன.

மாய உறுப்பின் கதை பின்னாளில் மூளையின் பக்கம் திரும்பிவிட்டது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிஃபோர்னியாவில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து இல்லாத கையின் வலியைச் சிலருக்குக் குறைத்துக் காட்டியது அந்தக் கிளையில் வருவது. காசால்ஜியாவின் கதையோ நரம்பைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றது. இங்கே தொடர்வது இந்த இரண்டாவது கிளை.

மிட்செலின் காலத்து மருத்துவர்கள் மனத்தில் வைத்திருந்த வரைபடம் பதினேழாம் நூற்றாண்டில் டேக்கார்ட் வரைந்தது. பாதம் தீயருகே போகிறது. நரம்பு என்னும் இழை இழுபடுகிறது. மூளையில் வலி மணி ஒலிக்கிறது. இழை எதையும் நினைவில் வைக்காது, தானாக மாறாது. இது சரியென்றால் தீராத வலிக்கு வழி எளிது: நரம்பை வெட்டு. அறுவை மருத்துவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் நரம்பையும் நரம்பு வேரையும் தண்டுவடத்தின் பட்டைகளையும் வெட்டிப் பார்த்தார்கள். பலருக்கு வலி சில மாதங்களில் திரும்பியது. சிலருக்கு முன்னைவிட மோசமாக. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெரிஷ், நீடித்த வலி அறிகுறியல்ல, தானே ஒரு நோய் என்று 1930களில் எழுதினார். இரண்டாம் உலகப் போர்க் காயங்களிலிருந்து ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தவர் ஜான் பொனிகா. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து, மல்யுத்தம் ஆடிச் சம்பாதித்து மருத்துவம் படித்தவர் அவர். 1953இல் வலிச் சிகிச்சைக்கென்று ஒரு பெருநூல் எழுதினார். வலியைப் பற்றிப் படிப்பவர்களை 1973இல் சியாட்டில் அருகே இஸ்ஸக்வாவில் கூட்டினார். வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் அந்தக் கூட்டத்தில் உருவானது. வலி ஆய்வு ஒரு தனித் துறையானதை அங்கிருந்து கணக்கிடலாம்.

டேக்கார்ட்டின் இழையை முதலில் பலமாக அசைத்தது ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் வெளியிட்ட ‘வாயில்’ கோட்பாடு. தோலிலிருந்து வரும் செய்தி தண்டுவடத்தின் பின்பக்கத்தில் உள்ள பின்கொம்பில் கூட்டப்படவோ குறைக்கப்படவோ செய்கிறது என்றார்கள் அவர்கள். கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் தவறின. தண்டுவடம் வெறும் கடத்தியல்ல என்ற அடிப்படை நின்றது. ஆனால் அந்த வாயில் கணத்துக்குக் கணம் திறந்து மூடுவது. மாதக்கணக்கில் திறந்தே கிடப்பது ஏன் என்று அது சொல்லவில்லை.

அந்த இடத்தை நெருங்கிய சோதனை 1983இல் வந்தது. வாலுடன் லண்டனில் பணியாற்றிய கிளிஃபர்ட் உல்ஃப், எலியின் காலை மடக்கும் தசைக்குச் செல்லும் இயக்க நரம்பு செல்களில் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார். வழக்கமாக அந்தச் செல்கள் பாதத்தின் ஒரு பகுதியை வலுவாகக் கிள்ளினால் மட்டுமே துடிக்கும். பாதத்தில் சூட்டுக்காயம் ஏற்பட்ட பின், லேசான தொடுதலுக்கே துடித்தன. காயம்படாத இடங்களைத் தொட்டாலும் துடித்தன. பிறகு காயம்பட்ட இடத்தை மரக்கவைக்கும் மருந்தால் முற்றிலும் அடக்கினார். அங்கிருந்து எந்தச் செய்தியும் வர வழியில்லை. தண்டுவடத்தின் மிகையுணர்வோ தணியவில்லை. காயம் அனுப்பிய செய்தி நின்ற பிறகும் அதைப் பெற்ற இடம் மாறியபடியே இருந்தது. மைய மிகையுணர்வு என்று பின்னர் அழைக்கப்பட்ட இந்தக் கண்டுபிடிப்பே அடுத்து வந்த எல்லாவற்றுக்கும் கதவு. ஆனாலும் உல்ஃப் அளந்த மாற்றம் மணிக்கணக்கில் நிற்பது. அதற்கு ஏற்கெனவே செல்லில் உள்ள புரதங்கள் சற்று உருமாறினால் போதும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டுமானால் செல் புதிய புரதங்களை உண்டாக்க வேண்டும். அது மரபணுக்களின் வேலை.

மரபணுக்கள் எப்படி இயக்கப்படுகின்றன என்ற அறிவு இதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. மனித உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரே டிஎன்ஏ இருக்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. ஈரல் செல்லும் நரம்பு செல்லும் வேறுபடுவது அவற்றில் எவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகின்றன என்பதில்தான். மரபணுவின் முகப்பில் உட்கார்ந்து படியெடுப்பைத் தடுக்கும் புரதங்கள் உண்டு என்று பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவா ஷாக்கோபும் ஜாக் மோனோவும் 1961இல் பாக்டீரியாவை வைத்து விளக்கினார்கள். 1965இல் நோபல் பரிசும் கிடைத்தது. விலங்கு செல்களில் இந்த ஏற்பாடு எவ்வளவு விரைவாக நடக்கக்கூடும் என்பது 1984இல் தெரிந்தது. எலிகளில் எலும்புப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸிலிருந்து பெயர் பெற்ற சி-ஃபாஸ் என்ற மரபணு, வளர்ச்சிப் பொருள் பட்ட சில நிமிடங்களில் செல்லில் படியெடுக்கப்படுவதை மைக்கேல் கிரீன்பெர்க்கும் எட்வர்ட் ஜிஃபும் காட்டினார்கள். சி-ஃபாஸ் செய்யும் புரதம் உட்கருவுக்குள் சென்று மற்ற மரபணுக்களை இயக்குவது. வெளியே நடப்பதற்கும் உட்கருவில் நடப்பதற்கும் இடையே ஒரு பாலம் அகப்பட்டது.

வலி ஆய்வும் மரபணு ஆய்வும் சந்தித்த ஆண்டு 1987. ஹன்ட், பினி, ஈவன் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எலியின் பாதத்தில் சூடும் எரிச்சலூட்டும் வேதிப்பொருளும் பட வைத்து, பிறகு அதன் தண்டுவடத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி ஃபாஸ் புரதத்துக்குச் சாயமேற்றினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் பின்கொம்பின் மேல் அடுக்குகளில், அதாவது வலிநரம்புகள் வந்து முடியும் அதே இடத்தில், செல்களின் உட்கருக்கள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. தூண்டப்பட்ட காலின் பக்கத்தில்தான் புள்ளிகள் திரண்டிருந்தன. லேசாக வருடியபோது அந்த அடுக்குகளில் அவ்வளவு புள்ளிகள் இல்லை. அதுவரை மின்துடிப்பாக மட்டும் அளக்கப்பட்ட வலி இப்போது எண்ணக்கூடிய புள்ளியானது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஃபாஸ் புள்ளிகளை எண்ணாத வலி ஆய்வுக்கூடம் அரிது என்னும் அளவுக்கு இது பரவியது. சற்று அளவுக்கு மீறியே பரவியது எனலாம். புள்ளி இருந்தால் அந்தச் செல் தூண்டப்பட்டது என்று மட்டுமே பொருள். ஃபாஸ் எந்த மரபணுக்களை இயக்குகிறது, அவை வலியை நீட்டிக்கின்றனவா என்ற கடினமான கேள்வியை எண்ணிக்கை பல காலம் மூடி மறைத்தது.

அக்கேள்விக்குத் துணை வந்தது ஒரு கடல் நத்தை. ஏப்லிசியா என்ற அந்த நத்தையின் நரம்பு செல்களில் எரிக் கண்டெலின் குழு 1986இல் காட்டியது இது: சில நிமிடம் நிற்கும் மிகையுணர்வுக்குப் புதிய ஆர்என்ஏவோ புதிய புரதமோ தேவையில்லை, ஒரு நாளுக்கு மேல் நிற்பதற்குத் தேவை. அவர் படித்தது நினைவை. ஆனால் நினைவும் நீடித்த வலியும் ஒரே கருவிகளைக் கையாளுகின்றன என்ற எண்ணம் 1990களில் வலி ஆய்வாளர்களிடம் வேரூன்றியது. உவமை ஓரளவுக்கே பொருந்தும். வலி தண்டுவடத்தின் செல்களில் மட்டும் பதிவதில்லை.

இதற்குள் ஆய்வுக்கூட எலிகளுக்கு நாட்பட்ட வலியை உண்டாக்கும் கைவினை உருவாகியிருந்தது. கேரி பென்னட்டும் ஷியேயும் 1988இல் வெளியிட்ட முறை இன்றும் வழக்கில் உள்ளது. எலியை மயக்கி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பைத் தொடையில் திறந்து, அதைச் சுற்றி நான்கு இடங்களில் தளர்வாக முடிச்சுப் போடுவது. முடிச்சுக்கு எடுத்துக்கொண்டது அறுவை மருத்துவர்கள் தையலுக்குப் பயன்படுத்தும், குடல் திசுவில் செய்த குரோமிக் நூல். நூல் ஈரத்தில் ஊதி, நரம்பு மெல்ல வீங்கி, தன்னைத்தானே நெருக்கிக்கொள்ளும். சில நாளில் எலி அந்தக் காலை ஊன்றாமல் தூக்கிப் பிடிக்கும். மிட்செலின் வீரர்களுக்கு இருந்ததைப் போன்ற நிலை வாரக்கணக்கில் நிற்கும். அளப்பதற்கு இன்னும் பழைய கருவி. ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் ஃபான் ஃபிரை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குதிரை முடியைக் குச்சி நுனியில் ஒட்டித் தோலுணர்வை அளந்தார். குதிரை முடி நைலான் இழையானது தவிர முறை மாறவில்லை. கம்பிவலை மேல் நிற்கும் எலியின் உள்ளங்காலில் கீழிருந்து இழையை வளையும் வரை அழுத்துவார்கள். எந்தப் பருமனுக்கு எலி காலை இழுக்கிறது என்று குறிப்பார்கள். எலி எவ்வளவு துன்பப்படுகிறது என்பதை இது சொல்லாது, அனிச்சையாகக் கால் விலகுவதை மட்டுமே சொல்லும். இந்தத் துறையின் ஏமாற்றங்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நூல் முடிச்சிட்ட எலிகளில் ஆய்வாளர்கள் அடுத்து தேடிப் போனது முதுகு வேர் முடிச்சு. தண்டுவடத்தின் இருபுறமும், ஒவ்வொரு தண்டுவட நரம்பும் உள்ளே நுழையும் இடத்தில், சிறு புடைப்பாக இருப்பது அது. மனிதரின் தண்டுவட நரம்புகள் 31 இணை. தோலுணர்வு நரம்புகளின் செல் உடல்கள் இங்கே இருக்கின்றன. கால் விரலில் தொடங்கும் ஓர் இழையின் உட்கரு ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இடுப்பருகே இருக்கிறது. விரலில் நடந்தது உட்கருவுக்கு எப்படித் தெரிகிறது? மின்துடிப்பு ஒரு வழி. மற்றொன்று மெதுவான சரக்குப் போக்குவரத்து. ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் கண்டறிந்து 1986இல் நோபல் பரிசு பெற்ற நரம்பு வளர்ச்சிக் காரணி இதற்கு நல்ல சான்று. வீங்கிய திசுவில் இது மிகுதியாகச் சுரக்கிறது. நரம்பு நுனியில் உள்ள ட்ர்க்-ஏ என்ற ஏற்பியோடு ஒட்டி, இழையின் வழியே மேலேறி செல் உடலை அடைந்து, அங்கே பல மரபணுக்களின் படியெடுப்பை ஏற்றுகிறது. ட்ர்க்-ஏ மரபணு பிறவியிலேயே பழுதானவர்களுக்கு வலியே தெரியாது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996இல் கண்டார்கள். வலிநரம்புகள் வளர்வதற்கே அந்தக் காரணி வேண்டியிருக்கிறது.

முடிச்சின் செல்களில் நடந்த மாற்றங்கள் எதிர்பாராதவை. தாமஸ் ஹோக்ஃபெல்ட்டும் அவரது சுவீடன் குழுவும் 1980களின் இறுதியில், நரம்பு வெட்டப்பட்டால் சப்ஸ்டன்ஸ்-பி என்ற வலித் தூது குறைவதையும், வழக்கமாக மிகச் சொற்பமாக உள்ள கலானின் பெருகுவதையும் கண்டார்கள். வீக்கம் வந்தபோது இதற்கு நேர்மாறு. 1996இல் உல்ஃபின் குழு, சாதாரணமாகத் தொடுதலை மட்டும் கடத்தும் தடித்த நரம்பிழைகளின் செல்கள்கூட வீக்கத்தின்போது சப்ஸ்டன்ஸ்-பி செய்யத் தொடங்குவதைப் பதிவு செய்தது. தொடுநரம்பு வலிநரம்பின் குணத்தை எடுத்துக்கொண்டது. துணி பட்டதற்கே துடித்த பிலடெல்ஃபியா வீரர்களின் நிலைக்கு, உறுதியாக இதுவே காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், முதன்முறையாகச் செல்லளவில் ஒரு விளக்கம் கிடைத்தது.

இவற்றில் புகழ்பெற்றது ஸ்டீபன் வாக்ஸ்மனின் குழு 1994இல் கண்டது. நரம்புச் செய்தி ஓடுவதற்குச் செல்லின் சவ்வில் சோடியம் கால்வாய்கள் வேண்டும். அவற்றில் மூன்றாம் வகை கருவில் வளரும் எலியின் உணர்வு நரம்புகளில் இருக்கும். வளர்ந்த எலியில் அந்த மரபணு அடங்கிவிடும். நரம்பை வெட்டியதும் அது மீண்டும் படியெடுக்கப்பட்டது. காயம்பட்ட செல் தன் சிசுப் பருவத்து மரபணுவை எழுப்பிக்கொண்டது என்ற செய்தி பாடநூல்களுக்கு ஏற்ற கதையானது. ஆனால் 2006இல் அந்தக் கால்வாயே இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளின் நரம்பைச் சிதைத்தபோது, அவையும் மற்ற எலிகளைப் போலவே மிகையுணர்வு கொண்டன. அந்த ஒரு மரபணு இல்லாவிட்டாலும் வலி நிற்கவில்லை. ஒற்றை மரபணுவைக் குற்றவாளியாக்கும் கதைகள் இந்தத் துறையில் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

2000க்குப் பிறகு ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் அளக்கும் நுண்சில்லுகள் வந்தன. நரம்பு சிதைந்த எலியின் முடிச்சில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஏறியோ இறங்கியோ இருப்பதாக 2002இல் அறிக்கைகள் வெளியாயின. பட்டியல் நீண்டதே ஒழிய, எது காரணம் எது விளைவு என்று பிரித்தறிய முடியவில்லை. ஆகவே கவனம் தனி மரபணுக்களிலிருந்து அவற்றை ஆட்டுவிக்கும் புரதங்களுக்கு மாறியது. அதே 2002இல் டொரான்டோவில் யோசஃப் பெனிங்கரும் மைக்கேல் சால்டரும் பங்கேற்ற குழு, ட்ரீம் என்ற அடக்கிப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கியது. உடலே செய்யும் வலியடக்கிகளில் ஒன்றான டைனார்ஃபினின் மரபணுவை அடக்கி வைப்பது ட்ரீம். அது இல்லாத எலிகள் சூட்டுக்கும் வீக்கத்துக்கும் நரம்புக் காயத்துக்கும் குறைந்த வலிநடத்தையே காட்டின. கற்றல், அசைவு ஆகியவற்றில் குறை தெரியவில்லை. ஒரே ஓர் ஒழுங்குமுறைப் புரதத்தை நீக்கியதும் வலி குறைந்தது என்பது பட்டியல்களைவிட உறுதியான சான்று.

அதே பத்தாண்டில் வேறொரு அடுக்கும் வெளிப்பட்டது. டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றப்பட்டுள்ளது. ஹிஸ்டோனில் அசெட்டைல் கூட்டு ஒட்டினால் சுற்று தளர்ந்து மரபணு திறக்கும். அதைக் கழற்றும் நொதிகள் சுற்றை இறுக்கும். டிஎன்ஏயின் மேலேயே மெத்தில் கூட்டு ஒட்டினால் பெரும்பாலும் மரபணு அடங்கும். டிஎன்ஏயின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. ஆனாலும் இந்த ஒட்டுகள் செல்லின் வாழ்நாள் முழுதும் நிற்கக்கூடும். கான்ராட் வாடிங்டன் 1942இல் சூட்டிய எபிஜெனடிக்ஸ் என்ற பெயர் இன்று பெரும்பாலும் இதையே குறிக்கிறது. நரம்பு செல்கள் பிரிந்து பெருகாதவை என்பதால் காயத்தின் தடம் அவற்றில் தங்கிவிட இது பொருத்தமான இடமாகத் தோன்றியது.

ஜப்பானின் நாகசாகியில் ஹிரோஷி உவேடாவின் குழு 2010இல் வெளியிட்டது இவ்வகையில் மிகத் தெளிவான ஒன்று. நரம்பு காயப்பட்ட எலிகளின் முதுகு வேர் முடிச்சில் என்ஆர்எஸ்எஃப் என்ற அடக்கிப் புரதம் பெருகியது. அது இரண்டு மரபணுக்களின் மேல் படிந்து அங்கே ஹிஸ்டோன்களின் அசெட்டைல் ஒட்டுகளைக் குறைத்தது. ஒன்று, மார்ஃபின் வந்து பற்றும் ஏற்பியின் மரபணு. மற்றொன்று, வலிநரம்புகளில் உள்ள சோடியம் கால்வாய்களில் எட்டாம் வகையின் மரபணு. இரண்டும் அடங்கின. நரம்புச் சிதைவால் வரும் வலிக்கு மார்ஃபின் சரிவரக் கேட்பதில்லை என்பது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தது. நோயாளி நடிக்கிறார் அல்லது மருந்துக்கு அடிமையாகிவிட்டார் என்ற சந்தேகத்தையும் அது கிளப்பியதுண்டு. மருந்து பற்ற வேண்டிய இடமே செல்லில் செய்யப்படாமல் போனால் மருந்தின் அளவைக் கூட்டிப் பயன் குறைவு.

2011இல் ஹியூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ஜிஜோங் பான் குழு மூளைத்தண்டில் இதையொத்த ஒன்றைக் கண்டது. நாட்பட்ட வீக்கம் அல்லது நரம்புக் காயம் உள்ள எலிகளில் ஜிஏடி-65 என்ற மரபணு அடங்கியது. அது காபா என்ற அடக்கும் தூதுப்பொருளைச் செய்வதற்கு வேண்டியது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் வலித் தணிப்பு அதனால் குலைந்தது. அசெட்டைலைக் கழற்றும் நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் மரபணு மீண்டு, எலியின் மிகையுணர்வும் தணிந்தது. இரண்டு ஆண்டு கழித்து யுவான்ஷியாங் தாவோவின் குழு இன்னொரு வழியைக் காட்டியது. பொட்டாசியம் கால்வாய் ஒன்றின் மரபணுவை அதன் எதிர்ப்பக்க இழையிலிருந்து படியெடுக்கப்படும், புரதமே செய்யாத ஒரு நீள ஆர்என்ஏ அடக்கியது. நரம்புக் காயத்தில் அந்த ஆர்என்ஏ பெருகியது, கால்வாய் குறைந்தது, முடிச்சின் செல்கள் எளிதில் துடிக்கத் தொடங்கின.

மரபணு பழுதாவதும் மரபணுவின் ஒழுங்கு மாறுவதும் வேறு வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஏழாம் வகை சோடியம் கால்வாயின் கதை முதல் வகை. வடக்குப் பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டி, கையில் கத்தி செருகி, நெருப்புக் கங்கில் நடந்து பிழைத்த ஒரு சிறுவனின் குடும்பத்தையும் உறவுவழிக் குடும்பங்களையும் கேம்பிரிட்ஜின் ஜெஃப்ரி வுட்ஸும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்து, 2006இல் அந்தக் கால்வாய் மரபணு அவர்களிடம் பழுதாகியிருப்பதை அறிவித்தார்கள். ஆய்வாளர்கள் பார்ப்பதற்கு முன்பே சிறுவன் கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு சீன ஆய்வாளர்கள் இதே மரபணுவின் வேறொரு பிழையால் கைகால் எரியும் பரம்பரை நோய் வருவதைக் கண்டிருந்தார்கள். இத்தகைய பிழைகள் அபூர்வம். முதுகுவலியோடும் சர்க்கரை நோயின் பாத எரிச்சலோடும் வாழும் கோடிக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பாலோரின் மரபணு எழுத்துகளில் அப்படி எதுவும் இல்லை. அவர்களிடம் மாறியிருப்பது ஒழுங்காக இருக்கலாம் என்பதற்கு 2014இல் லண்டனிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தது. டிஎன்ஏ ஒன்றேயான, ஆனால் சூட்டு வலியைத் தாங்குவதில் வேறுபட்ட 25 இணை ஒரே கரு இரட்டையர்களின் இரத்தத்தில் மெத்தில் ஒட்டுகளை ஒப்பிட்டபோது, எரிச்சலை உணரும் ட்ரிப்-ஏ1 மரபணுவின் முகப்பில் வேறுபாடு தெரிந்தது. அளந்தது இரத்தத்தில்தான், நரம்பில் அல்ல. ஆகவே இதைக் குறிப்பாகவே கொள்ள வேண்டும்.

பிற்காலத்து ஆய்வுகள் படத்தை மேலும் சிக்கலாக்கின. நரம்பல்லாத மைக்ரோகிளியா செல்கள் காயத்துக்குப் பின் சுரக்கும் பொருள் தண்டுவடத்தின் தடுப்பைக் குலைப்பதாக 2005இல் வந்த கண்டுபிடிப்பு பத்தாண்டு கோலோச்சியது. 2015இல் மான்ட்ரியலின் ஜெஃப்ரி மோகிலும் உடனாய்வாளர்களும் அது ஆண் எலிகளுக்கே பொருந்துகிறது, பெண் எலிகள் வேறு செல்களின் வழியே அதே மிகையுணர்வை அடைகின்றன என்று காட்டினார்கள். நாட்பட்ட வலி பெண்களிடமே அதிகம். அதைப் படித்தவர்கள் பல தலைமுறையாக ஆண் எலிகளையே வாங்கினார்கள். 2020இல் பாஸ்டனில் தனித்தனி செல்களின் ஆர்என்ஏவைப் படித்த குழு, நரம்பு அறுந்த முடிச்சு செல்கள் தாம் எந்த வகையைச் சேர்ந்தவை என்ற அடையாளத்தையே சில நாளில் இழந்து ஒரு பொது நிலைக்கு வருவதையும், அதை ஏடிஎஃப்-3 என்ற படியெடுப்புக் காரணி வழிநடத்துவதையும் கண்டது. நரம்பு மீண்டும் வளர இந்த மாற்றம் தேவைப்படுகிறது. ஆக வலியோடு சேர்த்துக் காணப்படும் மரபணு மாற்றங்கள் எல்லாம் பிழையல்ல. சில, பழுதுபார்க்கும் பணியின் பகுதி. அதே ஆண்டு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக் ஃபைன்ஸில்பர் குழு, உட்கருவுக்குள் சரக்கு கொண்டுசெல்லும் இம்போர்ட்டின் ஆல்ஃபா-3 என்ற புரதம் இல்லாத எலிகளில், காயத்துக்குப் பிந்தைய வாரங்களில் வலி குறைவதைக் கண்டது. அந்தப் புரதம் உள்ளே கொண்டுபோகும் சரக்கு, 1987இல் கரும்புள்ளியாகத் தெரிந்த அதே ஃபாஸ்.

மருந்துகளின் வரலாறு இவ்வளவு செழிப்பாக இல்லை. சப்ஸ்டன்ஸ்-பியின் ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் வலியைத் தணித்தன, மனிதரில் தணிக்கவில்லை. இன்று அவை வாந்தியை நிறுத்தப் பயன்படுகின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்துவைக்கும் டனெசுமாப் மூட்டுவலியைக் குறைத்தது, ஆனால் சிலரின் மூட்டுகள் விரைந்து சிதைந்தன. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பின் ஆலோசகர்கள் 2021இல் எதிராக வாக்களித்தபின் கைவிடப்பட்டது. அசெட்டைலைக் கழற்றும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் உடலெங்கும் ஆயிரக்கணக்கான மரபணுக்களைக் கிளறுபவை; வலிக்கென்று ஆண்டுக்கணக்கில் கொடுக்க உகந்தவை அல்ல. ஒரே ஒரு மரபணுவை மட்டும் குறிவைக்கும் முயற்சி 2021இல் சான் டியேகோவிலிருந்து வந்தது. அனா மொரேனோ, பிரசாந்த் மாலி ஆகியோரின் குழு, டிஎன்ஏயை வெட்டாமல் அதன் மேல் உட்கார மட்டும் தெரிந்த கிரிஸ்பர் புரதத்தோடு ஓர் அடக்கியை இணைத்து, வைரஸ் வழியே சுண்டெலிகளின் தண்டுவட நீரில் செலுத்தியது. இலக்கு பாகிஸ்தான் குடும்பங்களில் பழுதாகியிருந்த அதே ஏழாம் வகைக் கால்வாய். மரபணு அப்படியே இருந்தது, படியெடுப்பு மட்டும் குறைந்தது. சில சோதனைகளில் வலித் தணிப்பு 44 வாரம் வரை நீடித்தது.

மனிதரின் முதுகு வேர் முடிச்சை நேரடியாகப் படிக்கும் வாய்ப்பு 2010களின் பிற்பகுதியில்தான் திறந்தது. முதுகெலும்பில் புற்று பரவியவர்களுக்கு ஹியூஸ்டனில் செய்யப்படும் அறுவையில் சில முடிச்சுகளை நீக்க வேண்டியிருக்கிறது. அவற்றை நோயாளிகளின் இசைவோடு பெற்று, வலி இருந்தவர்களின் முடிச்சையும் இல்லாதவர்களின் முடிச்சையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. வலியோடு மாறிய மரபணுக்களின் பட்டியல் ஆண்களில் ஒன்றாகவும் பெண்களில் வேறாகவும் இருந்தது. ஜனவரி 2025இல் எட்டாம் வகைச் சோடியம் கால்வாயை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓபியாய்டு அல்லாத புது வகை வலிநிவாரணி ஒன்று வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அனுமதி அறுவைக்குப் பின் வருவது போன்ற குறுங்கால வலிக்கு மட்டும். இடுப்பு நரம்பு நசுங்கிக் காலில் இறங்கும் நாட்பட்ட வலியில் அதைச் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவே குறைந்தது.